பரிசலில் இருந்து இறக்கிவிடப்பட்ட நாய்

கையேட்டுக் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

“ஆசிரியர்கள் தயாரிக்கும் பாடக்குறிப்புகள் பாடநூலின் சுருக்கமே. அவற்றைத் தனிப்பட்ட படைப்பாகக் கருத இயலாது. ஆகவே கையேட்டில் பெயர் குறிப்பிட வேண்டிய அவசியம் எழவில்லை.”

உங்கள் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் இது. என்னிடம் யாரும் தரவில்லை. குழுவில் உள்ள ஒருவர் மனசு கேட்காமல் போட்டோ எடுத்து அனுப்பித்தான் எனக்கே தெரியும். என் பாடக்குறிப்பையும் வினாத் தொகுப்பையும் என்னைக் கேட்காமல், என் பெயரும் போடாமல் உங்கள் சங்கம் விற்கிற கையேட்டில் சேர்த்துவிட்டீர்கள் என்று நான் எழுத்தில் கொடுத்த புகாருக்கு இதுதான் பதில் என்றால், இதை நான் ஏற்கவில்லை.

நம் ஆசிரியர் சங்கத்தின் பெயரையோ உங்களில் யார் பெயரையோ இங்கே போடப்போவதில்லை. பலர் எனக்கு மூத்தவர்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டியவர்கள்கூட அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அந்த மரியாதை அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தத் தீர்மானம் என் ஒருத்திக்காகப் போட்டதில்லை. பென்னாகரத்தில் இருந்து ஓசூர் வரை, இரவு சமையலறை வேலை முடித்துவிட்டுக் குறிப்பு எழுத உட்காருகிற எல்லாருக்கும் சேர்த்துப் போட்டது. அதனால் என் பதிலும் எல்லாரும் படிக்கும்படி இருக்கட்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குக் கையேட்டின் அந்தப் பக்கங்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது என்பது என் அனுமானம்.

என் பள்ளி பென்னாகரம் பக்கம். நிறையப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டி தாத்தாவோடு. வீட்டில் படிக்கும்போது சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆகவே நான் பக்கத்தில் இல்லாமலே பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுவேன். மிதத்தலைச் சொல்லித்தர எல்லாரும் கப்பலில் தொடங்குவார்கள். எங்கள் பிள்ளைகள் கப்பலைப் பார்த்ததில்லை. பரிசலைப் பார்த்திருக்கிறார்கள். சிலருடைய மாமாவும் சித்தப்பாவும் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்கள். காவிரியில் நீர்வரத்து கூடி, பரிசல் இயக்கத் தடை போட்டால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அப்படி வந்ததுதான் அந்தக் கணக்கு. அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் உள்ள ஒரு பரிசல். அடி தட்டை, ஓரம் செங்குத்து என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆட்களும் பரிசலும் சேர்த்து 450 கிலோ. தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழும்? 15 செ.மீ. அப்புறம், கரையில் நின்ற 12 கிலோ நாய் ஒன்று தாவி ஏறிவிடுகிறது. இப்போது எவ்வளவு? 4 மில்லிமீட்டர் கூடும், மொத்தம் 15.4 செ.மீ. நாய் ஏறியதும் வகுப்பில் சிரிப்பு வரும். எடை எவ்வளவு கூடுகிறதோ அதே எடைக்குத் தண்ணீரும் கூடுதலாக விலக வேண்டும் என்பது அந்தச் சிரிப்போடு உள்ளே போய்விடும். பக்கத்தில் கையாலேயே ஒரு படமும் வரைந்திருந்தேன். நான் வரைந்த நாயைப் பிள்ளைகள் ஆடு என்றார்கள். அது வேறு விஷயம்.

உங்கள் கையேட்டில் அதே பரிசல் இருக்கிறது. அதே 3 சதுர மீட்டர், அதே 450 கிலோ. கேள்வியில் நாய் இல்லை. படத்திலும் நாயை வெட்டியிருக்கிறீர்கள். வால் நுனி மட்டும் வெட்டுக்குத் தப்பி, பரிசலின் விளிம்பில் எதற்கென்று தெரியாத ஒரு கோடாக நிற்கிறது. ஆனால் விடை? 15.4 செ.மீ. அதை மட்டும் மாற்ற மறந்துவிட்டீர்கள்.

கையேடு வாங்கிய என் மாணவி ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். “டீச்சர், நான் போட்டா 15தான் வருது. கைடுல 15.4னு போட்டிருக்கு. நாய் எங்க டீச்சர் போச்சு?”

அவளுக்காவது நாயைத் தெரியும். என் வகுப்பில் இல்லாத பிள்ளைகள் சரியாகப் போட்ட விடையை அழித்துவிட்டு, எதைத் தப்பாகப் போட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது வினாத் தொகுப்பு. பத்தாம் வகுப்பு அறிவியலில் பழைய பொதுத்தேர்வு வினாக்களை ஆண்டு வாரியாக அடுக்குவதுதான் வழக்கம். நான் அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று விடைத்தாள்களில் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். ‘படம் போட்டாலே பாதி வந்துவிடும்’, ‘அலகு போடாவிட்டால் போச்சு’, ‘இரண்டாம் முறை படித்தால்தான் கேள்வியே புரியும்’ என்று தலைப்புகள் கொடுத்தேன். மூன்று தலைப்பும் எழுத்து மாறாமல் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றின் கீழே வினாக்கள் நின்ற வரிசையும் அதேதான். மேலே சங்கத்தின் இலச்சினை, கீழே விலை. முன்னுரையில் ‘வல்லுநர் குழு உருவாக்கியது’ என்று ஒரு வரி. அந்த வல்லுநர் குழுவில் நான் இல்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

சரி, உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன்.

பாடக்குறிப்பு ‘படைப்பு’ ஆகாது என்கிறீர்கள். கவிதை, கதை, சிற்பம், சினிமா மாதிரி உயர்ந்த சங்கதிகளுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும் என்பது உங்கள் எண்ணம் போலிருக்கிறது. மேடைப் பேச்சில் அது சரியாக இருக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்பு என்பதற்குள் அட்டவணைகளும் தொகுப்புகளும் வருகின்றன. கணினி நிரல்கூட வருகிறது. கலைப் படைப்பு என்பதற்குள் விளக்கப்படம், வரைபடம், வரைவு எல்லாம் வருகின்றன. அதிலும், கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். என் ஆட்டு நாய்க்கும் அதில் இடம் உண்டு என்று அர்த்தம். 13ஆம் பிரிவு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது: அது மூலப் படைப்பாக இருக்க வேண்டும்.

மூலப் படைப்பு என்றால் என்ன என்ற கேள்வி நம் தொழிலை வைத்தே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் குழுவில் எல்லாரும் வினாத்தாள் எடுக்கிறவர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

1916இல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு. லண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் கணித வினாத்தாள்களை ஒரு தனியார் பதிப்பு நிறுவனம் எடுத்து, விடைகளோடு புத்தகமாகப் போட்டு விற்றது. வழக்குத் தொடுத்ததும் அவர்கள் சொன்ன பதில் கிட்டத்தட்ட உங்கள் பதில்தான்: கணக்கு எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, கேள்விகளும் வழக்கமாகக் கேட்கிற மாதிரிக் கேள்விகள், இதில் படைப்பு எங்கே வந்தது? நீதிபதி பீட்டர்சன் அதை ஏற்கவில்லை. மூலப் படைப்பு என்பதற்கு உலகத்தில் இதுவரை யாருக்கும் தோன்றாத சிந்தனை என்று பொருள் இல்லை, இன்னொன்றைப் பார்த்து எழுதாமல் அந்த ஆளிடம் இருந்தே வந்திருந்தால் போதும் என்றார். எல்லாருக்கும் பொதுவான அறிவில் இருந்து எடுத்த கேள்விகள்தான் என்றாலும், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தேர்ந்தவர்கள் அந்தத் தேர்வாளர்கள். காப்பி அடிக்கத் தகுந்தது முதல் பார்வையிலேயே காக்கவும் தகுந்தது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. உங்கள் கையேட்டுக்கு என் பக்கங்கள் தேவைப்பட்டன. பெயர் போடுகிற அளவுக்கு மட்டும் அவை தேறவில்லையா?

அதே தீர்ப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த வினாத்தாள்களின் முதல் உரிமையாளர் பல்கலைக்கழகம் இல்லை, எழுதிய தேர்வாளர்களே என்று முடிவானது. அவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களாக இல்லாமல், தனியாக ஒப்புக்கொண்டு வேலை செய்தவர்கள் என்பது காரணம். ஊழியர் விஷயம் எனக்கும் வரும். கீழே சொல்கிறேன்.

உங்கள் பொறுப்பாளர் ஒருவர் போனில் பேசும்போது, “நீங்க கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க, யார் இல்லைன்னா? ஆண்டு விழாவுல பொன்னாடை போர்த்திடுவோம்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நான் கஷ்டத்தைக் காட்டி உரிமை கேட்கவில்லை. கஷ்டம் மட்டும் போதாது என்று நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தொலைபேசி விவரப் புத்தகம் போனது. ஊர் முழுக்கப் பெயரும் எண்ணும் திரட்டியிருந்தாலும், அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு என்று ஒன்றும் இல்லை, ஆகவே பதிப்புரிமையும் இல்லை என்று தீர்ப்பானது. நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், இதைப் பற்றி விரிவாகப் பேசியது. அந்த நிறுவனம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுகிறது. தீர்ப்பின் வாசகம் பொதுச்சொத்து, அதில் யாருக்கும் தனியுரிமை இல்லை. எழுத்துப்பிழை திருத்துவது, காற்புள்ளி போடுவது மாதிரி வேலைகளுக்கும் உரிமை வராது. ஆனால் நீளமான தீர்ப்பை எங்கே பத்தி பிரிப்பது என்று முடிவு செய்து எண் கொடுப்பதும், எந்த நீதிபதி உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று படித்து அறிந்து குறிப்பதும் சட்ட அறிவும் சொந்தத் தீர்மானமும் வேண்டிய வேலைகள், அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. வெறும் உழைப்பு போதாது, மேதைமையும் தேவையில்லை, கொஞ்சமாவது சொந்தத் திறனும் தீர்மானமும் கலந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த அளவுகோல்.

என் வினாத் தொகுப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வினாக்கள் அரசுத் தேர்வுத் துறையுடையவை. அவற்றில் ஒரு எழுத்துக்கும் நான் சொந்தம் கொண்டாடவில்லை. ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தால் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன், ஏனென்றால் அது யார் அடுக்கினாலும் ஒரே மாதிரிதான் வரும். எது எந்தத் தலைப்பின் கீழ் போக வேண்டும் என்று நான் எடுத்த முடிவுகள்தான் என்னுடையவை. நீங்கள் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் எனக்குச் சொந்தமில்லை. வரையறைகள், விதிகள், சூத்திரங்கள், பாடநூலில் உள்ள படங்கள், எதுவும் என்னுடையதில்லை. இன்னும் சொல்கிறேன்: பரிசலை வைத்து மிதத்தல் சொல்லித்தரும் யோசனைகூட என் உடைமை இல்லை. நாளைக்கு உங்களில் ஒருவர் பரிசலில் ஆட்டுக்குட்டியை ஏற்றியோ, கேழ்வரகு மூட்டையை ஏற்றியோ தன் சொந்த வாசகத்தில் ஒரு கணக்கு எழுதினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சந்தோஷப்படுவேன். கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஒரு நாடகமும் ஒரு திரைப்படமும் ஒரே கருவைத் தொட்டிருந்தன. கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு என்று சொல்லி, நாடகம் எழுதியவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. ஆக, சட்டம் என் மாதிரி ஆட்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கோடு எங்கே என்று பார்த்துத்தான் போடுகிறது. உங்கள் கையேடு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்த வால் நுனியே காட்டுகிறது.

அடுத்த வாதம்: “நீங்களேதானே வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள்.” போட்டேன். எந்த ஆசிரியரும் எடுத்து வகுப்பில் பயன்படுத்தலாம், ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதித்தான் போட்டேன். இனியும் போடுவேன். இலவசமாகக் கொடுத்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. உரிமையை மாற்றிக்கொடுப்பது என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. மொத்தமாக விட்டுவிடுவது என்றாலும் பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அல்லது பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பியது இரண்டிலும் சேராது. பதிவு செய்யவில்லையே என்றும் ஒருவர் கேட்டாராம். பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்தபோதே உரிமை வந்துவிடுகிறது.

ஏ.ஐ. பற்றியும் கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். “இனிமே இதெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிடும்” என்று யாரோ சொன்னாராம். எழுதட்டும். அப்படியானால் அதனிடமே கேட்டிருக்கலாமே!

கனமான வாதம் ஒன்றுதான், அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நான் அரசு ஊழியர். வேலையின் ஒரு பகுதியாக எழுதியது என்றால் முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கு, அரசின் கட்டளையில் உருவானது என்றால் அரசுக்கு என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் குறிப்புகளை எழுதச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு வரவில்லை. பள்ளி நேரத்தில் எழுதவும் இல்லை. ஆகவே என்னுடையவை என்றே நம்புகிறேன். ஆனால் விவாதத்துக்காக, உரிமை அரசுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் அரசிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கினீர்களா? சங்கம் அரசு ஆகிவிடாது. அது மட்டுமில்லை. உரிமை யாரிடம் இருந்தாலும், எழுதியவர் இவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்குக் கெடுதல் வரும் விதத்தில் எழுதியதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே தங்கிவிடும். 57ஆம் பிரிவு அது. முழு உரிமையையும் விற்ற பிறகும் அது போகாது. நாயை இறக்கிவிட்டு விடையை விட்டுவைத்ததைச் சிதைப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? என் குறிப்பை முன்பே பார்த்திருந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், “உங்க பரிசல் கணக்குல விடை தப்பா இருக்கு டீச்சர்” என்று என்னிடமே சொன்னார். பெயரை எடுத்துவிட்டீர்கள், பழியை எடுக்கவில்லை.

கல்விக்காகத்தானே என்பீர்கள். கல்விக்குச் சட்டம் தாராளமாகவே வழி விட்டிருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் படி எடுக்கலாம், தேர்வு வினாவில் சேர்க்கலாம், விடையில் எழுதலாம். 52ஆம் பிரிவில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பெரிய பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களில் இருந்து பாடப் பகுதிகளைப் படி எடுத்துக் கட்டாக்கி மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடம் நடத்துவதற்குத் தேவையான அளவு படி எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று மாணவர்கள் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அங்கே யாரும் எழுதியவர் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் இலச்சினையை ஒட்டவில்லை. நீங்கள் போட்டிருப்பது வகுப்புக்கான படி இல்லை. விலை வைத்து இரண்டு மாவட்டத்தில் விற்கிற புத்தகம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் இருப்பது அதியமான் ஆண்ட தகடூர் நாடு. அதியமானை ஔவையார் பாடினார் என்று இன்றைக்கு நமக்கு எப்படித் தெரிகிறது? புறநானூற்றில் பெரும்பாலான பாட்டுகளின் அடியில் பாடியது யார், பாடப்பட்டவர் யார் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்த புண்ணியவான்களால் தெரிகிறது. பெயரே தெரியாத புலவர்களை என்ன செய்தார்கள்? அவர்கள் பாட்டில் இருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயர் வைத்தார்கள்; குறுந்தொகையில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனது அப்படித்தான். சட்டமும் பதிவாளரும் இல்லாத காலத்தில் அது நடந்தது. தொகுப்பு வேலை செய்கிறோம் என்று சொல்கிற நீங்கள் அந்தத் தொகுப்பாளர்களையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

நான் தனி ஆளும் இல்லை. பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் வரைந்த மாமர ஒட்டுப் படம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுகிறவர் எதிரில் உட்கார்ந்து வரைந்தது. குருத்தை எங்கே சீவுகிறார், கட்டு எந்தப் பக்கம் இறுகுகிறது என்பது வரை அதில் தெரியும். அவர் சம்பளம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்டது பணம் இல்லை, ஓரத்தில் ஒரு கையெழுத்து. அதற்கும் பதில் இல்லை. அரூர்ப் பக்கத்தில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இந்த ஆண்டு எதையும் பகிரவில்லை. பகிர்கிற சிலரும் பக்கம் முழுக்கக் குறுக்காகத் தம் பெயரை வாட்டர்மார்க் போட்டு அனுப்புகிறார்கள். திரையில் பார்த்தால் மங்கலாக அழகாகத்தான் இருக்கிறது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் படி எடுத்தால் அது கறுத்து, அடியில் உள்ள சூத்திரத்தை விழுங்கிவிடுகிறது. ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனதன் விலையைப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

இதில் வழக்குக்கு இடம் உண்டு என்பதும், நான் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். மிரட்ட இதைச் சொல்லவில்லை. நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதால்தான் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் மடல் எழுதுகிறேன். நான் கேட்பவை இவைதான்.

பரிசல் கணக்கின் திருத்தத்தை இந்த வாரமே, கையேடு போன எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன் பிள்ளைகள் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இது அவசரம். திருத்தும்போது நாயைத் திரும்ப ஏற்றிவிட்டால் போதும், விடையை மாற்ற வேண்டியதில்லை.

பாடக்குறிப்பு படைப்பு ஆகாது என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெற்று, அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். என் ஒருத்தியின் பக்கங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம்.

விற்காமல் இருக்கும் பிரதிகளில் ஓவிய ஆசிரியர் பெயரும் என் பெயரும், இன்னும் யார் யாருடைய பக்கங்கள் இருக்கின்றனவோ அவர்கள் பெயரும் உள்ள ஒரு தாளை ஒட்டிக் கொடுங்கள். அடுத்த பதிப்பில் அந்தந்தப் பக்கத்திலேயே பெயர் வர வேண்டும். விருப்பமில்லை என்றால் எங்கள் பக்கங்களை எடுத்துவிடுங்கள். அதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

இனி யாருடைய குறிப்பைச் சேர்ப்பதானாலும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். எந்தப் பக்கங்கள், எத்தனை ஆண்டு, திருத்தினால் எழுதியவரிடம் காட்டுவீர்களா, தொகை உண்டா இல்லையா, இவ்வளவுதான் அதில் வேண்டும். தொகை இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், பலர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். நானும் போடுவேன். கடிதத்தின் மாதிரி ஒன்றை நானே எழுதித் தரத் தயார்.

இந்த ஆண்டு கையேட்டின் வரவு செலவை உறுப்பினர்கள் பார்க்கும்படி வையுங்கள். பகுதிநேர ஆசிரியர்களின் படங்களுக்கு அதில் இருந்து ஒரு தொகை ஒதுக்குங்கள். எனக்கு வேண்டாம்.

பதிலை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். பொறுப்பாளர்கள் கையெழுத்தோடு, தேதி போட்டு, என் பள்ளி முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கையேட்டின் மிதத்தல் பாடத்தையும் வினாத் தொகுப்பையும் எழுதிய அறிவியல் ஆசிரியை,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்